ஆம்புலன்ஸ் வரும்வரை நடந்ததையும் எழுதுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தங்கள் நாளிதழின் குமரி மாவட்டப் பக்கத்தில் வரும் விபத்துச் செய்திகள் பலவும், ‘மருத்துவமனைக்குக் கொண்டு செல்லும் வழியில் பரிதாபமாக உயிரிழந்தார்’ என்ற வரியோடு முடிந்துவிடுகின்றன. முட்டத்தில் அலையில் சிக்கியவர், மார்த்தாண்டத்தில் லாரி மோதியவர், ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டிக்கொண்டிருக்கும்போதே மயங்கி விழுந்தவர் என யாராக இருந்தாலும், அவர் விழுந்த நேரத்துக்கும் மருத்துவமனை வாசலுக்கும் இடையில் யார் என்ன செய்தார்கள் என்பது மட்டும் செய்தியில் இடம்பெறுவதில்லை. இம்மாவட்டத்தில் அவசர சிகிச்சைப் பிரிவுச் செவிலியராகப் பல ஆண்டுகள் பணியாற்றி ஓய்வுபெற்றவள் என்ற முறையில், விடுபட்டுப்போகும் அந்த நிமிடங்களைப் பற்றியே எழுத விரும்புகிறேன்.

அவசர மருத்துவத் துறையில் அண்மைக் காலத்தில் வெளிவந்த பெரிய ஆய்வுகள் சில, நம் கவனத்தை அந்த நிமிடங்களின் பக்கமே திருப்புகின்றன. மருத்துவமனைக்கு வெளியே இதயம் நின்றுபோன சுமார் 30,000 பேரின் பதிவுகளை ஆராய்ந்து ஸ்வீடன் நாட்டு மருத்துவர்கள் 2015-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ஆம்புலன்ஸ் வருவதற்கு முன்பே அருகிலிருந்தவர்களால் நெஞ்சை அழுத்தி முதலுதவி செய்யப்பட்டவர்களில் 10.5 சதவீதம் பேர் முப்பது நாட்களுக்குப் பிறகும் உயிரோடு இருந்தார்கள். அந்த உதவி கிடைக்காதவர்களில் அது 4 சதவீதம்தான். இதற்கு மாறாக, 2018-இல் வெளியான, பிரிட்டனில் இதயம் நின்றுபோன சுமார் 8,000 பேரிடம் நடத்தப்பட்ட சோதனையில், இதயத் துடிப்பை மீட்க ஆம்புலன்ஸ் ஊழியர்கள் செலுத்திய அட்ரினலின் ஊசி, உயிர் பிழைத்தோர் விகிதத்தை 2.4 சதவீதத்திலிருந்து 3.2 சதவீதமாக மட்டுமே உயர்த்தியது. மூளை பெரிதாகப் பாதிக்கப்படாமல் பிழைத்தவர்களின் விகிதத்தில் குறிப்பிடத்தக்க வேறுபாடு தென்படவில்லை. இவை தனித்தனி ஆய்வுகள் என்பதால் இரண்டையும் நேருக்கு நேர் ஒப்பிட முடியாதுதான். ஆனாலும் மருந்து பின்னால் வருவது, கைகள் முன்னால் வர வேண்டியவை என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

அந்தக் கைகள் ஏன் தயங்குகின்றன என்பதை அருகிலிருந்து பார்த்திருக்கிறேன். இதயம் நின்ற முதல் சில நிமிடங்களில் சிலருக்கு விட்டுவிட்டு ஏங்கி இழுப்பது போன்ற மூச்சு வரும். அது உண்மையான சுவாசம் அல்ல. ஆனால் கூட வந்தவர்கள், ‘மூச்சு இருந்துது சிஸ்டர், ஆட்டோவுலயும் இழுத்துக்கிட்டேதான் வந்தாரு’ என்பார்கள். மூச்சு இருப்பதாக நம்பியதால் யாரும் நெஞ்சில் கை வைத்திருக்க மாட்டார்கள். 108-ஐ அழைப்பவரிடம் முதல் கேள்வியிலேயே இதைக் கேட்டறிந்து, வண்டி வந்து சேரும்வரை நெஞ்சின் நடுவில் நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை எப்படி அழுத்துவது என்று தொலைபேசியிலேயே சொல்லித்தர முடியும். பெரியவர்களுக்குத் தொலைபேசி வழியாகச் சொல்லித்தரும்போது, வாயோடு வாய் வைத்து ஊதுவதைத் தவிர்த்து, அழுத்துவதை மட்டும் சொன்னாலும் பலன் குறைவதில்லை என்று 2010-இல் வெளியான இரு சோதனைகள் காட்டின. ஒவ்வொரு அழைப்பிலும் இது தவறாமல் நடக்க வேண்டும்.

நீரில் மூழ்கியவர்களின் நிலை வேறு. கடற்கரை ஊர்களும் குளங்களும் நிறைந்த நம் மாவட்டத்தில் இதை விரிவாகச் சொல்லியாக வேண்டும். மூழ்கிய குழந்தையைக் கரையேற்றியதும் தலைகீழாகத் தூக்குவதும், கவிழ்த்துப் போட்டு வயிற்றை அமுக்கித் தண்ணீரை வெளியேற்ற முயல்வதும் இன்றும் தொடர்கின்றன. அன்பினால் செய்வதுதான் என்றாலும், அதனால் நேரம் வீணாவதோடு, வாந்தி வெளிப்பட்டு மூச்சுக்குழலுக்குள் போகும் அபாயமும் உண்டு. மூழ்கியவரின் இதயம் நிற்பதற்குக் காரணம் ஆக்சிஜன் கிடைக்காததே. ஆகவே அவருக்கு நெஞ்சை அழுத்துவதோடு வாய்வழிச் சுவாசமும் கட்டாயம் தேவை. அமெரிக்க இதய சங்கம் 2024-இல் வெளியிட்ட திருத்திய வழிகாட்டுதலும் இதையே வலியுறுத்துகிறது. மீனவ ஊர்களின் பங்குப் பேரவைகளும், உள்நாட்டு ஊர்களின் படிப்பகங்களும் விளையாட்டு மன்றங்களும் நினைத்தால், ஒரு ஞாயிறு மாலையில் பொம்மையை வைத்து இளைஞர்களுக்கு இதைக் கற்றுக்கொடுத்துவிடலாம்.

சாலை விபத்துகளில் உதவ முன்வருபவர்களைப் போலீஸ், கேஸ் என்ற பயம் பின்வாங்க வைக்கிறது. நல்லெண்ணத்தோடு உதவியவர் மீது சிவில், கிரிமினல் நடவடிக்கை எடுக்க முடியாது என்று 2019-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனத் திருத்தச் சட்டம் 134-ஏ பிரிவில் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கு அரசின் ‘இன்னுயிர் காப்போம்’ திட்டமும் இருக்கிறது.

நேரத்தைக் குறித்துவைப்பதும் சிகிச்சையைச் சேர்ந்ததே. 20,000-க்கும் மேற்பட்ட காயமடைந்தோரிடம் நடத்தப்பட்டு 2010-இல் வெளியான ‘கிராஷ்-2’ சோதனை, ரத்தப்போக்கைக் கட்டுப்படுத்தும் டிரானெக்சாமிக் அமிலம் என்ற விலை குறைந்த மருந்து உயிர்களைக் காக்கும் என்று நிறுவியது. ஆனால் காயம்பட்ட மூன்று மணி நேரத்துக்குள் கொடுத்தால்தான் நன்மை. அதன்பின் கொடுத்தால் ரத்தப்போக்கினால் ஏற்படும் மரணம் கூடக்கூடும் என்பதும் அதன் தரவுகளிலிருந்தே தெரியவந்தது. ‘எப்போ அடிபட்டது?’ என்று கேட்டால், ‘இப்பதான், கொஞ்சம் முன்னாடி’ என்ற பதிலே பெரும்பாலும் கிடைக்கும். கொண்டுவந்து சேர்த்தவர் விபத்தைப் பார்த்தவராகக்கூட இருக்கமாட்டார்.

ஆகவே தங்கள் செய்தியாளர்களுக்கு ஒரு வேண்டுகோள். இத்தகைய செய்தியைச் சேகரிக்கும்போது, சம்பவம் நடந்த நேரம், 108-க்கு அழைப்பு போன நேரம், வண்டி வந்த நேரம், அதற்குள் யாராவது முதலுதவி செய்தார்களா என்ற நான்கையும் கேட்டு, குடும்பத்தினரின் மனம் நோகாதபடி வெளியிடுங்கள். இதயம் நின்றுபோனவர்களைப் பற்றி இத்தகைய விவரங்களை ஒரே சீராகப் பதிவு செய்வதற்கென ‘உட்ஸ்டைன்’ என்ற பன்னாட்டுப் படிவம் 1990-களின் தொடக்கத்திலிருந்தே புழக்கத்தில் உள்ளது. மாவட்ட நிர்வாகமும் சுகாதாரத் துறையும் அந்த முறையில் குமரி மாவட்டத்துக்கான பதிவேட்டைப் பராமரித்து, ஆண்டுதோறும் வட்ட வாரியாக வெளியிட்டால், பேச்சிப்பாறை மலையோரத்துக்கு இன்னொரு வண்டி வேண்டுமா, வடசேரிப் பேருந்து நிலையத்திலும் கன்னியாகுமரி படகுத்துறையிலும் இதயத்துக்கு மின்னதிர்வு தரும் தானியங்கிக் கருவியை வைக்க வேண்டுமா, எந்தக் கடற்கரை ஊரில் முதலில் பயிற்சியைத் தொடங்குவது என்பதையெல்லாம் கணக்கைப் பார்த்தே முடிவு செய்ய முடியும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற செவிலியர்,
தக்கலை.