முந்தலில் விடிந்த பொழுது

சூரியநெல்லி,
மார்கழி 9

அன்புள்ள சுடலைமுத்து,

நலம். நீயும் மதினியும் நலம்தானே? மூட்டு வலி குறைந்ததா?

சென்னையில் பேத்தியைப் பார்த்துவிட்டுப் போன வாரம்தான் திரும்பினேன். பிள்ளை எங்கள் அம்மா சாயல். அதை நேரில் சொல்கிறேன், இப்போது வந்த வழியைப் பற்றித்தான் எழுத வேண்டும்.

கிளாம்பாக்கத்தில் சாயங்காலம் ஆறரைக்கு மூணாறு வண்டியில் ஏறினேன். திண்டுக்கல் வரை நல்ல தூக்கம். வத்தலக்குண்டு தாண்டியதும் சாரல், பெரியகுளத்தில் மழை. போடிமெட்டு மலை ரோட்டின் அடிவாரத்தில் முந்தல் செக்போஸ்ட் வந்ததும் டிரைவர் வண்டியை ஓரங்கட்டி என்ஜினை அணைத்துவிட்டார். மணி மூன்றேமுக்கால். “மெட்டுல ஒண்ணுமே தெரியலையாம். விடியட்டும், போவோம்.”

மூணாறில் ரூம் போட்டிருந்த பையன்கள் பின் சீட்டிலிருந்து சத்தம் போட்டார்கள். மெதுவாக ஏறினால் என்ன என்று கேட்டார்கள். எனக்கும் வீடு போய்ச் சேர்ந்தால் போதும் என்றுதான் இருந்தது. ஆனால் அந்த மனிதர் செய்தது நியாயம். நாம் பிறந்து வளர்ந்த ரோடு அல்லவா? 17 கொண்டை ஊசி வளைவு. பனி மூடிவிட்டால் ஹெட்லைட் வெளிச்சம் முன்னால் போகாது, நம் கண்ணிலேயே திரும்பி அடிக்கும். ஹைபீம் போட்டால் இன்னும் மோசம். மழையில் ஊறிய மலை எப்போது கல்லை உருட்டும் என்று யாருக்குத் தெரியும்? லாரியில் கிளீனராக இருந்த காலத்தில் டார்ச்சைப் பிடித்துக்கொண்டு வண்டிக்கு முன்னால் நடந்தே மெட்டு ஏறிய கதையை உன் மாமா சொல்வாரே, அதுதான் அன்றைக்கு நினைவுக்கு வந்தது. இந்த வண்டியில் முப்பது பேர் இருந்தோம்.

ஐந்து மணிக்கு மேலே இருந்து போன் வந்தது. எட்டாவது வளைவுக்குப் பக்கத்தில் பாறையும் மரமும் சேர்ந்து ரோட்டில் கிடக்கிறதாம். வண்டிக்குள் ஒரு சத்தம் இல்லை. டிரைவர் யாரையும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. துண்டை முகத்தில் போட்டுக்கொண்டு சாய்ந்துவிட்டார்.

அப்புறம்தான் ஜீப்புகள் வர ஆரம்பித்தன. போடியிலிருந்தும் சிலமலையிலிருந்தும் ஏலக்காய்த் தோட்டத்துக்குப் போகிற பெண்கள். உனக்குத் தெரியாததா? டீக்கடைத் தார்ப்பாய்க்குக் கீழே நெருக்கி நின்றார்கள். தலையில் சாக்கைக் கொங்காணியாகப் போட்டிருந்தார்கள், கையில் தூக்குவாளி. ஒரு அம்மாவுக்கு நம் வயசு இருக்கும். “ரோட்டைத் தொறந்தாலும் இனிமே மேஸ்திரி ஆள் எடுக்க மாட்டாருய்யா. இன்னைக்குக் கூலி போச்சு” என்றார். காய் எடுப்பு முடியப்போகிற நேரம், இன்னும் எத்தனை நாள் வேலை என்று அவர்கள் விரல்விட்டு எண்ணிக்கொண்டிருப்பார்கள். ஏழு மணிக்கு அந்த அம்மா தூக்குவாளியைத் திறந்து, மத்தியானத்துக்கு வைத்திருந்த சோற்றை அங்கேயே உட்கார்ந்து சாப்பிட்டார். வீட்டுக்குத் திருப்பிக் கொண்டுபோக மனசு வரவில்லை போலிருக்கிறது. புளிக்குழம்பும் ஒரு துண்டு கருவாடும். எனக்கும் ஒரு கை நீட்டினார்.

எனக்கு இன்னும் ஆறவில்லை, சுடலை. எங்களுக்குச் சில மணி நேரத் தாமதம், அவ்வளவுதான். மெட்டு அடைபட்டால் சுற்றுலா வந்தவர்கள் தவித்தார்கள் என்றுதான் எல்லோரும் பேசுகிறார்கள். அந்த ரோட்டை நம்பித் தினமும் அடுப்பு எரிகிறவர்களைப் பற்றி யாரும் பேசுவதில்லை. நம் அம்மாக்களும் அப்படி நின்றவர்கள்தானே?

எட்டு மணிக்கு வண்டியைத் திருப்பிக் கம்பம்மெட்டு வழியாக ஏறினோம். சபரிமலை சீசன், ஐயப்பமார் வண்டிகளுக்கு நடுவே ஊர்ந்து, நெடுங்கண்டம், உடும்பன்சோலை சுற்றிப் பூப்பாறையில் நான் இறங்கியபோது மணி ஒன்றரை. கம்பத்தைத் தாண்டும்போது நம் காட்டு யானை அரிக்கொம்பனை நினைத்துக்கொண்டேன். 2023-ல் சின்னக்கானலிலிருந்து பிடித்துக்கொண்டு போன பிறகு அந்த வீதிகளில்தானே வழி தெரியாமல் அலைந்தான். கடைசியில் உன் பக்கத்துக் களக்காடு முண்டந்துறைக் காட்டில் கொண்டுபோய் விட்டார்கள். நீயும் லயத்து வீட்டைக் காலி செய்துவிட்டு அம்பாசமுத்திரம் போனாய். இரண்டு பேருமே இந்த மலையை விட்டுப் போனது எனக்கு இன்னும் வருத்தம்தான்.

பொங்கலுக்கு வருகிறேன் என்றாயே, இரவு பஸ்ஸில் வராதே. மதுரை வந்து ரயில் ஏறு. 2010 கடைசியில் நின்றுபோன போடி ரயில், அகலப்பாதை போட்டு 2023 ஜூன் 15 முதல் திரும்ப ஓடுகிறது. போடியில் இறங்கிச் சாப்பிட்டுவிட்டு, வெயில் வந்த பிறகு மெட்டு ஏறினால் போதும். கம்பளி கொண்டுவர வேண்டாம், இங்கே இருக்கிறது. கல்லிடைக்குறிச்சி அப்பளம் மட்டும் இரண்டு கட்டு வாங்கி வா.

அன்புடன்,
பால்ராஜ்