பிளஸ் டூ பிள்ளைக்குப் பக்கத்தில் ஓர் ஆள் வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். அம்பாசமுத்திரம் பக்கம் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் வேதியியல் நடத்தி ஓய்வு பெற்றவள் நான். ஒவ்வொரு மே மாதமும் பிளஸ் டூ முடிவு வந்ததும் உங்கள் நாளிதழில் மாவட்டத் தேர்ச்சி விகிதம் வரும், முதலிடம் பிடித்த பிள்ளைகள் அம்மா அப்பாவோடு நிற்கிற படம் வரும். எனக்கும் அந்தப் படங்களைப் பார்க்கப் பிடிக்கும். ஆனால், அப்படிப் பக்கத்தில் நிற்க ஆளில்லாத பிள்ளைகளைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

பெற்றோர் இறந்து போய், அல்லது இருந்தும் வளர்க்க வழியில்லாமல், ஆச்சி வீட்டிலும் சித்தி வீட்டிலும் இல்லங்களிலும் இருந்து படிக்கிறவர்கள் அவர்கள். சிலர் மாவட்டந்தோறும் இருக்கிற குழந்தைகள் நலக் குழுவின் ஆணையோடு வேறொரு குடும்பத்தில் வளர்கிறார்கள். இதற்கு வளர்ப்புப் பராமரிப்பு என்று பெயர். தத்து வேறு, இது வேறு. தத்து எடுத்தால் பிள்ளை அந்த வீட்டுப் பிள்ளை. வளர்ப்புப் பராமரிப்பில் சொந்த வீட்டு நிலைமை சரியானால் பிள்ளை திரும்பிப் போகலாம். அதுவரை சோறு, துணி, படிப்பு எல்லாம் வளர்க்கிற குடும்பத்தின் பொறுப்பு. 2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின் 44ஆம் பிரிவு இதைச் சொல்கிறது. மாதா மாதம் அந்தக் குழு அந்த வீட்டைப் போய்ப் பார்க்க வேண்டும் என்றும் அதே பிரிவில் இருக்கிறது.

அடுத்தவர் பிள்ளையை வளர்ப்பது நம் சீமைக்குப் புதிதில்லை. களக்காட்டுக்குப் பக்கத்தில் டோனாவூரில் ஏமி கார்மைக்கேல் அம்மையார் பிள்ளைகளைச் சேர்த்து வளர்க்கத் தொடங்கியது 1901இல். பாளையங்கோட்டையில் விடுதியில் தங்கிப் படிக்கிற ‘போர்டிங் பிள்ளைகள்’ என்றால் தெரியாதவர் உண்டா? சோறும் கூரையும் கொடுக்க நமக்குத் தெரியும். பதினொன்று, பன்னிரண்டில் அந்தப் பிள்ளை எங்கே தடுக்கி விழுகிறது என்பதைத்தான் நாம் கவனிக்கவில்லை.

என்னிடம் படித்த ஒரு பெண்ணைச் சொல்கிறேன். அம்மா இறந்துவிட்டார். கேரளாவுக்கு வேலைக்குப் போன அப்பா திரும்பவில்லை. முக்கூடல் பக்கம் ஆச்சி வீட்டில் வளர்ந்தாள். ஆச்சிக்குப் பீடி சுற்றுகிற வேலை. விடியற்காலையில் ஆச்சிக்கு இலை வெட்டிக் கொடுத்துவிட்டுத்தான் பள்ளிக்குக் கிளம்புவாள். செய்முறை வகுப்பில் பிப்பெட் பிடிக்கும்போது விரல் நுனியில் புகையிலைத் தூளின் மஞ்சள் தெரியும். அந்தக் கை ஆடாது. பியூரெட்டைத் திறந்து ஒரு சொட்டு, இன்னொரு சொட்டு என்று விட்டு, நிறம் மாறுகிற அந்தச் சொட்டில் சரியாக நிறுத்துவாள். வகுப்பில் மற்றவர்கள் மூன்று நான்கு தடவை செய்து பார்ப்பதை அவள் இரண்டே தடவையில் முடிப்பாள். பெற்றோர் கூட்டத்துக்கு வந்த ஆச்சி பெஞ்சில் உட்காராமல் சுவரோரம் நின்றுகொண்டே சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: “நான் கண்ண மூடுததுக்குள்ள இவ பன்னெண்டு முடிச்சிரணும் டீச்சரம்மா.”

முடித்தாள், நல்ல மதிப்பெண்ணோடு. சிக்கல் அதற்குப் பிறகுதான் வந்தது. கல்லூரிக்கும் உதவித்தொகைக்கும் இணையத்தில் விண்ணப்பிக்க வேண்டும். ஆதாரில் இருந்தது இறந்துபோன அம்மாவின் கைபேசி எண். அந்த எண் எப்போதோ வேறு யாருக்கோ போய்விட்டது, ஓ.டி.பி. அவர்களுக்குப் போகிறது. வருமானச் சான்றுக்குப் போனால் அப்பாவின் வருமானம் கேட்கிறார்கள். அப்பா எங்கே என்று அவளுக்கே தெரியாது. இ-சேவை மையத்துக்கு மூன்று நடை, தாலுகா அலுவலகத்துக்கு இரண்டு நடை. திங்கட்கிழமை கொக்கிரகுளத்தில் ஆட்சியரிடம் மனு கொடுக்கப் போனால் ஆச்சிக்கு அன்றைய பீடி போச்சு, கூலியும் போச்சு. கடைசியில் எங்கள் பள்ளி எழுத்தர் ஒருவர் விடுப்பு எடுத்துக்கொண்டு கூடவே போய் முடித்துக் கொடுத்தார். அவர் மட்டும் இல்லையென்றால் அந்தப் பெண் இன்று பி.எஸ்சி. படிக்கவில்லை, ஆச்சி பக்கத்தில் உட்கார்ந்து பீடி சுற்றிக்கொண்டிருப்பாள்.

அரசு ஒன்றுமே செய்யவில்லை என்று நான் சொல்லவில்லை. வளர்ப்புப் பராமரிப்புக்கும், உறவுக்காரர் வீட்டிலேயே பிள்ளையை வளர்க்கத் தருகிற நிதி ஆதரவுக்கும் மத்திய அரசின் மிஷன் வாத்சல்யா திட்டத்தில் மாதம் 4,000 ரூபாய் உண்டு. 2025 செப்டம்பரில் தமிழக அரசு தொடங்கிய அன்புக் கரங்கள் திட்டத்தில் மாதம் 2,000. அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்குப் போனால் புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் மாதம் 1,000. எல்லாம் நல்ல திட்டங்கள். ஆனால், ஒவ்வொன்றும் ஓர் அலுவலகத்தில், ஒரு படிவத்தில், ஒரு கையெழுத்தில் இருக்கிறது. அம்மா அப்பா இருக்கிற வீட்டில் அவர்கள் அலைகிறார்கள். இந்தப் பிள்ளைகளுக்காக யார் அலைவது?

இதில் என்னை ரொம்ப உறுத்துவது, வளர்ப்புப் பராமரிப்பு 18 வயதோடு முடிகிறது என்கிற கணக்கு. வீடு மாறி ஊர் மாறி வந்த பிள்ளைக்குப் படிப்பில் ஒரு வருஷம் போயிருக்கும். அப்படி ஒரு பையன் எங்களிடம் வந்தான், வளர்ப்புக் குடும்பத்தில் இருந்தவன். பிளஸ் டூ அரையாண்டுத் தேர்வுக்கு முன்பே 18 முடிந்துவிட்டது. உதவி நிற்குமா, வீட்டில் இருக்கச் சொல்வார்களா என்ற கவலையிலேயே அரையாண்டில் இரண்டு பாடத்தில் தோற்றான். அந்தக் குடும்பம் தங்கமான குடும்பம், “பரீட்சைய எழுதி முடி, அப்புறம் பாப்போம்” என்று வைத்துக்கொண்டார்கள். 18 முடிந்து இல்லத்தை விட்டு வெளியேறுகிறவர்களுக்கு 21 வயது வரை உதவ அதே சட்டத்தில் 46ஆம் பிரிவு இருக்கிறது. வளர்ப்புக் குடும்பத்தில் இருக்கிற தனக்கும் அப்படி ஏதாவது உண்டா என்று யாரிடம் கேட்பது என்று அவனுக்குத் தெரியாது. அவனுடைய ஆசிரியையான எனக்கும் அன்று தெரியாது. கேட்டுத் தெரிந்திருந்தால் அந்த அரையாண்டை அவன் கொஞ்சம் நிம்மதியாக எழுதியிருப்பான். அதை நினைத்தால் இன்றைக்கும் மனசு ஆறவில்லை.

7.5 சதவீத இட ஒதுக்கீட்டையும் சொல்ல வேண்டும். மருத்துவம், பொறியியல் போன்ற படிப்புகளில் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு இது பெரிய வாசல். ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியிலேயே படித்திருக்க வேண்டும் என்பது விதி. இல்லத்தில் இருந்தபோது இரண்டு வருஷம் பக்கத்து உதவிபெறும் பள்ளியில் சேர்த்துவிட்ட பிள்ளைக்கு அந்த வாசல் அடைபட்டுப் போகிறது. எந்தப் பள்ளியில் சேர்ப்பது என்பதை அந்தப் பிள்ளையா முடிவு செய்தது? குழந்தைகள் நலக் குழுவின் ஆணையோடு பள்ளி மாறியவர்களுக்கு இந்த விதியில் விலக்கு வேண்டும்.

சாப்பாட்டு விஷயமும் இருக்கிறது. சத்துணவு பத்தாம் வகுப்போடு நின்றுவிடுகிறது. பதினொன்றாம் வகுப்புக்கு வந்ததும் மதியச் சோற்றை வீட்டிலிருந்து கொண்டுவர வேண்டும். உறவுக்காரர் வீட்டில் அண்டியிருக்கிற பிள்ளை காலையில் டிபன் பாக்ஸை நீட்டிக் கேட்கக் கூச்சப்படும். மதிய மணி அடித்ததும் குழாயடிக்குப் போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வகுப்புக்குத் திரும்பி வருகிற பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன்.

நான் கேட்பது பெரிய தொகை இல்லை. ஒவ்வொரு மேல்நிலைப் பள்ளியிலும் இப்படிப்பட்ட பிள்ளைகளுக்கென்று ஓர் ஆசிரியரோ எழுத்தரோ பெயர் சொல்லி நியமிக்கப்பட வேண்டும். ஒன்பதாம் வகுப்பிலேயே ஆதார் எண், வங்கிக் கணக்கு, சான்றிதழ்கள் எல்லாம் சரியாக இருக்கின்றனவா என்று அவர் பார்க்க வேண்டும். மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் யாரைப் பார்ப்பது என்று அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். கல்லூரியில் சேர்ந்து முதல் கட்டணம் கட்டும் வரை கூடப் போக வேண்டும். அப்படிப் போகிற நாள் விடுப்பாக இல்லாமல் பணி நாளாகவே கணக்கில் வர வேண்டும். எங்கள் எழுத்தர் சொந்த விடுப்பில் போனார் என்பதை மறக்க வேண்டாம். 18 வயது முடிந்தாலும் பிளஸ் டூ முடிவு வந்து கல்லூரி திறக்கும் வரை உதவி நிற்கக் கூடாது.

உங்களிடமும் ஒரு வேண்டுகோள். வரும் மே மாதம் தேர்ச்சி விகிதம் போடுகிற அதே பக்கத்தில் ஒரு சின்னக் கட்டம் ஒதுக்குங்கள். பெற்றோர் துணையில்லாத மாணவர்கள் எந்தச் சான்றுக்கு எங்கே போக வேண்டும், 18க்குப் பிறகு என்ன உதவி உண்டு என்பதை அதில் போடுங்கள். குழந்தைகள் உதவி எண் 1098ஐயும் பெரிய எழுத்தில் போடுங்கள். பீடிக் கடையிலும் டீக்கடையிலும் உங்கள் பேப்பரைத்தான் வாசிக்கிறார்கள். யாராவது ஓர் ஆச்சிக்கு அதை வாசித்துக் காட்டுவார்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற முதுகலை ஆசிரியை,
அம்பாசமுத்திரம்.