திறந்தவெளி சிறைல பெண்களுக்கும் இடம் வேணும், அதுக்கு முன்னாடி அவங்க யாருன்னு கணக்கு வேணும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

திறந்தவெளி சிறைகள், அதாவது நல்ல நடத்தை உள்ள தண்டனை கைதிங்கள பூட்டி வைக்காம வேலை பாக்க விடற சிறைகள் பத்தி உங்க பத்திரிகைல வந்த கட்டுரை படிச்சேன். நல்லா எழுதியிருந்தாங்க, கைதிங்க விவசாயம் பண்றது, மாடு வளக்கறது, தண்டனை குறையறது எல்லாம் வந்துச்சு. ஆனா கட்டுரை முழுக்க தேடியும் ஒரு பெண் கைதி கூட அதுல இல்ல. எழுதினவர் மேல தப்பு சொல்லல, கோயம்புத்தூர் சிங்காநல்லூர், சிவகங்கை பக்கம் புரசடை உடைப்புனு நம்ம ஊர்ல பேர் சொல்ற திறந்தவெளி சிறை எல்லாமே ஆம்பளைங்க இருக்கிற இடம் தான், அங்க இல்லாதவங்கள பத்தி அவரு எப்படி எழுதுவாரு. நான் இலவச சட்ட உதவி கொடுக்கிற மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழு மூலமா பாரா லீகல் வாலண்டியரா, அதாவது சட்ட உதவி தன்னார்வலரா இருக்கேன், பெண்கள் சிறைக்கு வக்கீல் கூட போய் மனு எழுதி கொடுக்கிறது தான் என் வேலை, அதனால இத எழுதாம இருக்க முடியல.

முதல்ல கொஞ்சம் கணக்கு. தேசிய குற்ற ஆவண காப்பகம் வருஷா வருஷம் சிறை புள்ளிவிவரம் போடுது இல்லயா, அதுல 2022 கடைசி நிலவரப்படி நாடு முழுக்க ஜெயில்ல இருந்தவங்க 5,73,220 பேர், அதுல பெண்கள் 23,772, அதாவது நூத்துக்கு நாலு பேர் தான். இந்த நாலு பேருன்றது தான் எல்லா பிரச்சனைக்கும் ஆரம்பம், நாலு பேருக்காக யாரு தனியா ஒரு இடம் கட்டுவா, யாரு தனியா விதி எழுதுவா, அப்படியே விட்டுடறாங்க. இந்த 23,772 பேர்ல நாலுல மூணு பேர் விசாரணை கைதிங்க, இன்னும் தீர்ப்பே வராதவங்க. வயசு பாத்தீங்கன்னா பெரும்பாலும் பதினெட்டுல இருந்து அம்பதுக்குள்ள, அதாவது வீட்ட தூக்கி நிறுத்தற வயசு. 1,537 பேர் குழந்தையோட உள்ள இருந்தாங்க, குழந்தைங்க மட்டும் 1,764. தண்டனை வாங்கினவங்கள்ல கொலை வழக்கு தான் ரொம்ப அதிகம், அதுக்கு அடுத்து வரதட்சணை மரண வழக்கு, அதனால மாமியார் வயசுல இருக்கிறவங்களும் கணிசமா இருக்காங்க, சுகர் பிரஷர் மாத்திரையோட. படிப்ப எடுத்துக்கிட்டா ஆண் பெண் சேத்து மொத்த கைதிகள்ல மூணுல ரெண்டு பேர் பத்தாவது தாண்டாதவங்க.

இதெல்லாம் அந்த புள்ளிவிவர புக்ல இருக்கு. இல்லாதது என்னன்னா, திறந்தவெளி சிறை மாதிரி சமூகத்தோட ஒட்டி இருக்கிற காவல்ல எத்தன பெண்கள் இருக்காங்க, அவங்க யாரு, என்ன வயசு, எத்தன குழந்தை, அந்த குழந்தைங்க இப்ப யார்கிட்ட இருக்கு, புருஷன் இருக்காரா இல்லயா, கைதாகறதுக்கு முன்னாடி என்ன வேல பாத்தாங்க, சொந்த ஊருக்கு திரும்பி போக முடியுமா, இதெல்லாம் ஒரே இடத்துல சேத்து ஒரு பக்கமாவது போட்டிருக்காங்களானு பாத்தா கிடைக்கல. தலை எண்ணிக்கை மட்டும் தான். ஆள் தெரியாம அந்த ஆளுக்கு திட்டம் போட்டா அது எப்படி சரியா வரும்?

ஒரு விஷயம் சொல்றேன், பேரு ஊரு வேண்டாம். ஒரு அம்மாவுக்கு பெயில் ஆர்டர் வந்து கிடந்துச்சு, சூரிட்டி போட, அதாவது அவங்களுக்கு பொறுப்பேத்து கையெழுத்து போட ஆள் இல்லாம அப்படியே உள்ளயே இருந்தாங்க. நான் ஃபார்ம் பூர்த்தி பண்றேன், நெருங்கிய உறவினர் பேர், போன் நம்பர்னு ஒரு கட்டம். யோசிச்சு யோசிச்சு அவங்க சொன்ன ஒரே நம்பர் அவங்க தெருமுனை மளிகை கடையோடது, கடன் சொல்றதுக்காக மனப்பாடம் ஆன நம்பர். புருஷன் நம்பர் தெரியல, ஏன்னா போன் எப்பவும் அவரு கையில தான், இவங்க அதுக்கு போன் பண்ண வேண்டிய தேவையே வந்ததில்ல. கடைக்காரர் நல்ல மனுஷன், அக்கா தங்கச்சி யாராவது இருக்காங்களானு விசாரிச்சு சொன்னாரு, அப்புறம் தான் வேலை நடந்துச்சு. உள்ள இருக்கிற ஆம்பளைக்கு வெளிய இருந்து பொண்டாட்டியோ அம்மாவோ மனு பாக்க, அதாவது ஜெயில்ல நேர்ல பாத்து பேச வந்துடறாங்க, டிபன் டப்பாவோட வாசல்ல நிக்கறாங்க. பொம்பள உள்ள போனா வர்றது பெரும்பாலும் அவங்க அம்மா தான், அதுவும் இருந்தா.

இத எதுக்கு சொல்றேன்னா திறந்தவெளி சிறையோட மொத்த அமைப்பும் ஒரு குடும்பம் கூட இருக்கும்ன்ற நினைப்புல தான் இருக்கு. ராஜஸ்தான்ல ஜெய்ப்பூர் பக்கம் சங்கனேர்ல சம்பூர்ணானந்த் பேர்ல ஒரு முகாம் 1963ல இருந்து நடக்குது. நாட்டுலயே ராஜஸ்தான்ல தான் இந்த மாதிரி முகாம் அதிகம், 2022 கணக்குல மொத்தம் இருந்த 91ல கிட்டத்தட்ட பாதி அங்க தான். சங்கனேர்ல கைதி காலைல வருகை பதிவுக்கு நின்னுட்டு ஊருக்குள்ள போய் வேல பாத்து சம்பாதிச்சுட்டு சாயங்காலம் திரும்பி வந்து மறுபடி பதிவுக்கு நிக்கணும், குடும்பம் கூடவே தங்கலாம், புள்ளைங்க பள்ளிக்கூடம் போகலாம், கைதிங்களே ஒரு பஞ்சாயத்து வெச்சு ஒழுங்கு பாத்துக்கறாங்க. மூடின சிறையோட ஒப்பிட்டா செலவும் பல மடங்கு கம்மினு ராஜஸ்தான் சட்டப்பணிகள் ஆணையத்துக்காக ஸ்மிதா சக்ரவர்த்தி 2017ல கொடுத்த அறிக்கைல இருக்கு. பெண்களையும் அங்க எடுக்கறாங்க, ஆனா ரொம்ப கொஞ்சம் பேர் தான். கேரளாவுல பூஜப்புரைல பெண்களுக்குனே ஒரு திறந்த சிறை இருக்கு, புனேல எரவாடாலயும் இருக்கு. பல மாநிலத்துல பெண்கள்னாலே தகுதி இல்லைனு வெச்சிருக்கிறத 2024ல உச்ச நீதிமன்றமே கவனிச்சு கேள்வி கேட்டுச்சு.

கேட்டா பாதுகாப்புன்னு சொல்லுவாங்க. புழல்ல பெண்கள் சிறை பக்கத்துல 2023 ஆகஸ்ட்ல ஒரு பெட்ரோல் பங்க் திறந்தாங்களே, அங்க தண்டனை கைதியா இருக்கிற பெண்கள் தானே ரோட்டு மேல நின்னு வண்டிக்கு பெட்ரோல் போடறாங்க, காசு வாங்கி சில்லறை கொடுக்கறாங்க. நாள் பூரா ஊர் ஜனங்களோட பேசி பழகற ஒருத்தங்கள ராத்திரி மட்டும் பூட்டி தான் வைக்கணும்ன்றதுக்கு என்ன காரணம்னு எனக்கு புரியல. அந்த பங்க் ரொம்ப நல்ல வேலை, அத செஞ்சவங்களுக்கு என் மரியாதை எப்பவும் உண்டு, அதுக்கு அடுத்த படிய கேக்கறேன்.

ஆனா சங்கனேர அப்படியே தூக்கிட்டு வந்து இங்க வெச்சாலும் பெண்களுக்கு பத்தாது. அங்க ஒரு ஆம்பளை கைதிக்கு பொண்டாட்டி வந்து சோறாக்கி புள்ளைய பாத்துக்கறா. பொண்டாட்டி கைதியானா எந்த புருஷன் வேலைய விட்டுட்டு முகாமுக்கு வந்து தங்குவாரு? புருஷன கொன்ன வழக்குல தண்டனை வாங்கினவங்களுக்கு மாமியார் வீடும் கிடையாது, பொறந்த வீடும் பல நேரம் கிடையாது, ஊருக்குள்ளயே விட மாட்டேன்றாங்க. அவங்களுக்கு வேண்டியது வேற, வேலைக்கு போற நேரத்துல புள்ளைய விட ஒரு பால்வாடி, பக்கத்துலயே தையல் யூனிட்டோ கேன்டீனோ, மாத்திரை மருந்துக்கு ஒரு ஆரம்ப சுகாதார நிலையம், வெளிய வந்தப்புறம் தங்க ஒரு இடம். எத்தன பேருக்கு எது வேணும்னு சொல்ல தான் அந்த கணக்கு வேணும்னு கேக்கறேன்.

குழந்தைங்க விஷயம் தனியா சொல்லணும். ஆர்.டி. உபாத்யாய் வழக்குல உச்ச நீதிமன்றம் 2006ல சொன்னபடி ஆறு வயசு வரைக்கும் தான் குழந்தை அம்மாவோட உள்ள இருக்கலாம். ஆறு முடிஞ்சா சொந்தக்காரங்க, இல்லனா ஹோம். ஜெயிலுக்குள்ளயே வளந்த புள்ளைக்கு வெளிய பஸ்ஸு, கடை, ஆம்பளைங்க கூட்டம் எல்லாமே புதுசு, அதே நாள்ல அம்மாவையும் பிரிக்கிறோம். அந்த அம்மாவுக்கு இன்னும் நாலு வருஷம் தண்டனை பாக்கி இருந்தா அத ஒரு திறந்த முகாம்ல கழிக்க விட்டா புள்ள பக்கத்து ஸ்கூல்லயே ஒண்ணாவது சேந்திருக்கும்.

விசாரணை கைதிங்களுக்கு திறந்தவெளி சிறை தீர்வு இல்ல, அவங்களுக்கு பெயில் தான் தீர்வு, இத குழப்பிக்க கூடாது. ஜாமீன்ல விடமுடியாத குற்றமா இருந்தாலும் பெண்ணுன்னா பெயில் கொடுக்கலாம்னு சட்டத்துல ரொம்ப காலமாவே இருக்கு. உள்ளூர் சூரிட்டி தான் வேணும்னு கட்டாயப்படுத்தறதால பலர் வெளிய வர முடியலனு 2023 ஜனவரில உச்ச நீதிமன்றமே சொல்லி, பெயில் கிடைச்சு ஏழு நாள்ல வெளிய வரலைன்னா சிறை அதிகாரி சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்கு தகவல் சொல்லணும்னு உத்தரவு போட்டுச்சு. அதே 2023ல ஏழை கைதிகளுக்கு ஜாமீனுக்கு 40,000 ரூபா வரைக்கும் அபராதத்துக்கு 25,000 வரைக்கும் கொடுப்போம்னு மத்திய அரசு திட்டமும் வந்துச்சு. இப்படி ஒண்ணு இருக்குனு உள்ள இருக்கிற பெண்கள்கிட்ட சொன்னா முதல்ல நம்பவே மாட்டேன்றாங்க. கர்ப்பிணிகளுக்கும் குழந்தை உள்ளவங்களுக்கும் முடிஞ்ச வரைக்கும் சிறை இல்லாத வழிய தான் பாக்கணும்னு ஐநா சபை 2010ல ஏத்துக்கிட்ட பாங்காக் விதிகள்லயும் தெளிவா இருக்கு.

அதனால சிறைத்துறைக்கு உங்க பத்திரிகை மூலமா நான் வைக்கிற கோரிக்கை இது தான். பெண்கள் தனிச்சிறை ஒவ்வொண்ணுலயும், மத்த கிளை சிறைகள்லயும் இருக்கிற பெண்கள் விவரத்த, பேரு வெளிய விடாம, வயசு, படிப்பு, தொழில், வழக்கு, குழந்தைங்க எங்க இருக்கு, கடைசியா மனு பாக்க யார் எப்ப வந்தாங்க, பெயில் கிடைச்சும் வெளிய போகாம எத்தன நாளா இருக்காங்கன்னு வருஷத்துக்கு ஒரு தடவ வெளியிடணும். இதுல எதுவும் புதுசா சேகரிக்க வேண்டிய தகவல் கூட இல்ல, முக்கால்வாசி உள்ள வரும்போதே ரெஜிஸ்டர்ல எழுதறது தான், மனு பாக்க வர்றவங்க நோட்டும் கேட்லயே இருக்கு. அத வெச்சு தண்டனை கைதிகள்ல யார் யார திறந்த முகாமுக்கு அனுப்பலாம்னு பட்டியல் போட்டு, பெண்களுக்கான முதல் முகாம புழல் பங்க்ல வேல பாக்கறவங்கள்ல இருந்தே ஆரம்பிக்கலாம்.

உங்க நிருபர் அடுத்த தடவ இத பத்தி எழுதும்போது பெண்கள் சிறைக்கும் ஒரு நாள் அனுமதி வாங்கி போயிட்டு வந்து எழுத சொல்லுங்க சார்.

இப்படிக்கு,
ஒரு பாரா லீகல் வாலண்டியர்,
தஞ்சாவூர் மாவட்டம்