மேஸ்திரி வருமுன் உங்கள் ஆள் வரவேண்டும்

மதிப்பிற்குரிய வேலூர் மாவட்ட ஆட்சியர் அவர்களுக்கு,

வணக்கம். சத்துவாச்சாரி கலெக்டர் ஆபீசில் திங்கட்கிழமை குறைதீர்வு நாளுக்கு வருகிறவர்களுக்கு மனு எழுதிக் கொடுத்துப் பிழைப்பவன் நான். பட்டா, முதியோர் பென்ஷன், பாதைத் தகராறு, இவைதான் பெரும்பாலும். இந்த மடல் கொத்தடிமைகளைப் பற்றியது.

ஐப்பசி மழையில் கூலி வேலை கிடைக்காது. இருளர் பழங்குடிக் குடியிருப்புகளுக்கு, சூளைக்கு ஆள் பிடிக்கும் மேஸ்திரி அட்வான்ஸோடு வருவது அப்போதுதான். பொங்கல் கழிந்ததும் குடும்பத்தோடு லாரி ஏற்றி வெளிமாவட்டச் செங்கல் சூளைக்குக் கொண்டுபோய்விடுவார். ஒரு அம்மா என்னிடம் காட்டிய நோட்டில், முன்பணத்துக்குக் கீழே அரிசி, எண்ணெய், பிள்ளைக்குப் போட்ட ஊசி என்று வரிசையாகக் கடன். அறுத்த கல்லுக்கு ஒரு வரிகூட இல்லை. எழுத்தெல்லாம் மேஸ்திரியுடையது, கைநாட்டு மட்டும் அந்த அம்மாவுடையது.

இதைக் கொடுக்கல் வாங்கல் தகராறு என்று தள்ளிவிடுகிறவர்கள் உண்டு. ஆனால் சுரண்டுவதற்காகப் பணம் கொடுத்து இணங்கவைத்து ஆள் சேர்ப்பதும் ஆட்கடத்தல்தான் என்கிறது பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 143-ஆம் பிரிவு. 'அவர்களாகச் சம்மதித்துத்தான் வந்தார்கள்' என்ற வாதம் அங்கே எடுபடாது. ஒருவருக்கு மேல் கடத்தியிருந்தால் குறைந்தது 10 ஆண்டு சிறை. 1976-ஆம் ஆண்டுக் கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டத்திலோ அதிகபட்சம் 3 ஆண்டும் 2,000 ரூபாய் அபராதமும். இன்றைய விலையில் அந்தப் பணத்துக்கு ஒரு லோடு செங்கல்கூட வராது. எஃப்ஐஆரில் இந்த இரண்டும் சேர்ந்து ஏறுகிறதா என்று பார்க்கவேண்டும்.

மீட்பே நடப்பதில்லை என்று சொல்லமாட்டேன். 2019 ஜூலையில் காஞ்சிபுரம், அன்றைய வேலூர் மாவட்டங்களில் மரம் வெட்டும் இடங்களிலிருந்து 42 பேரை வருவாய்த் துறையினர் மீட்டார்கள். அதிகாரியின் காலில் விழுந்த முதியவரின் படம் அப்போது எங்கும் பரவியது.

சிக்கல் அப்புறம்தான். மீட்கிற மாவட்டம் ஒன்று, திரும்பி வந்து வாழ்கிற மாவட்டம் இன்னொன்று. கொத்தடிமையிலிருந்து விடுபட்டவர் என்று தருகிற விடுதலைச் சான்று அங்கே, ரேஷன் கார்டும் சாதிச் சான்றும் வீட்டுமனையும் இங்கே. நோட்டைக் காட்டிய அம்மாவின் குடும்பத்தை மீட்டு பஸ் ஏற்றி அனுப்பிவிட்டார்கள், சான்று பிறகு வருமாம். அது இல்லாமல் 30,000 ரூபாய் வரையிலான உடனடி உதவி கிடைக்காது. மறுவாழ்வுத் தொகை ஆணுக்கு 1 லட்சம், பெண்ணுக்கு 2 லட்சம், கொடுமை அதிகமென்றால் 3 லட்சம். அது கைக்கு வர வழக்கு முடியவேண்டும். வழக்கு நடப்பது சூளை இருக்கும் ஊரில். ஒவ்வொரு வாய்தாவுக்கும் அன்றைய கூலியும் போச்சு, பஸ் காசும் போச்சு. அதற்குள் அடுத்த ஐப்பசி வந்துவிடுகிறது, மேஸ்திரியும் வந்துவிடுகிறார்.

வேலூருக்குத் திரும்புகிற ஒவ்வொரு குடும்பத்தின் விவரத்தையும் மீட்ட மாவட்டத்திடம் உடனே கேட்டு வாங்கி, சான்று கைக்கு வரும்வரை விடாமல் துரத்த ஒரு அலுவலரைப் போடுங்கள். வாய்தாவுக்குப் போய்வரும் செலவையும் அவரே பார்க்கட்டும். கொத்தடிமை மறுவாழ்வுக்கென்று மாவட்டத்தில் குறைந்தது 10 லட்சம் நிலைநிதி இருக்கவேண்டும் என்கிறது மத்தியத் திட்டம். சான்று வந்த அன்றே உடனடி உதவியை அதிலிருந்து கொடுக்க முடியுமா பாருங்கள்.

கொத்தடிமைச் சட்டப்படி அமைகிற மாவட்டக் கண்காணிப்புக் குழுவுக்கு நீங்கள்தான் தலைவர். அதில் பட்டியல் சாதி, பழங்குடியினர் மூன்று பேரை நியமிப்பதும் நீங்கள்தான். ஒரு இடத்தையாவது சூளையில் கல் அறுத்து மீண்டவருக்குக் கொடுங்கள். எந்த மேஸ்திரி எந்தக் குடியிருப்புக்கு எப்போது வருவார் என்பது அவருக்கு அத்துப்படி. இந்த வருடம் மழை பிடிக்குமுன் அவரையும் அழைத்துக்கொண்டு அந்தக் குடியிருப்புகளுக்கு உங்கள் ஆட்கள் ஒரு நடை போய்வரட்டும்.

இப்படிக்கு,
மனு எழுதுபவன்,
சத்துவாச்சாரி