மழைக்கு முன் செப்புக் காசுகளைப் பாருங்கள்

நண்பர்களே, ஐப்பசி மழை வேலூரை நனைக்கும் முன் செப்புக் காசு ஆல்பங்களை ஒருமுறை திறந்து பாருங்கள். பிவிசி உறை நாளாக ஆக அமிலம் கசிந்து காசின்மேல் பச்சைப் பிசுக்காகப் படியும். என்னுடைய ஆற்காடு நவாப் காசுகள் இரண்டு அப்படித்தான் கெட்டன. கடையில் கொடுத்த உறைதானே என்று விட்டுவிட்டேன். பிவிசி இல்லாத மைலார் (பாலியெஸ்டர் பிளாஸ்டிக்) உறைக்கு மாற்றிவிடுங்கள்.

வெறும் பிசுக்கு என்றால் அசிட்டோன் என்ற கரைப்பானைச் சுத்தமானதாக வாங்கி அதில் ஊறவைத்து எடுத்தால் போகும். சன்னல் திறந்திருக்கட்டும், அடுப்புப் பக்கம் போகவே வேண்டாம். நெயில் பாலிஷ் ரிமூவர் உதவாது, அதில் வாசனையும் எண்ணெயும் கலந்திருக்கும். வெளிர்பச்சைத் தூளாக உதிர்ந்தால் அது குளோரைடு உப்பு செம்பை அரிப்பதன் அடையாளம். அந்தக் காசைத் தனி டப்பாவில் வைத்துவிட்டுக் குழுவில் படம் போடுங்கள்.

புளி போட்டுத் தேய்ப்பது குத்துவிளக்குக்குச் சரி. காசில் தேய்த்தால் காலப்போக்கில் படிந்த பழம்பூச்சோடு விலையும் போய்விடும்.

அப்புறம், ரப்பர் பேண்டில் கந்தகம் உண்டு, செம்பைக் கருக்கும். டப்பாவில் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் போடுங்கள். நீல மணிகள் இளஞ்சிவப்பானால் ஈரம் நிறைந்துவிட்டது, மாற்றுங்கள். காசை எடுக்கும்போது விளிம்பை மட்டும் பிடியுங்கள், வியர்வை உப்பும் அரிக்கும்.