வீல் ட்ரான்ஸ் கணக்கில் மிச்சம் காட்டுமுன்: ரொறன்ரோ நகரசபைக்கும் ரிரிசி பணிப்பாளர் சபைக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய நகரசபை உறுப்பினர்களுக்கும் ரிரிசி பணிப்பாளர் சபையினருக்கும்,

வணக்கம். ஆண்டுதோறும் குளிர்காலத்தில், ரொறன்ரோவின் பொதுப் போக்குவரத்து நிறுவனமான ரிரிசியின் வரவுசெலவுத் திட்டம் உங்கள் முன் வரும்போது அதில் இரண்டு கணக்குகள் தனித்தனியே இருக்கின்றன. ஒன்று பேருந்து, ஸ்ட்ரீட்கார், சுரங்க ரயில் ஆகியவற்றுக்கான பொதுக் கணக்கு. மற்றது, உடல் இயலாமையாலோ முதுமையாலோ அவற்றில் ஏற முடியாதவர்களை வாசலில் இருந்து ஏற்றிச் செல்லும் வீல் ட்ரான்ஸ் கணக்கு. இந்த இரண்டாவது கணக்கை வாசிக்கும் முறையில் ஒரு கோளாறு இருக்கிறது என்பதைச் சொல்லவே இம்மடலை எழுதுகிறேன்.

பொதுக் கணக்கில் எதிர்பார்த்த அளவுக்குப் பயணிகள் வராவிட்டால் அது நட்டம், ஏனெனில் பேருந்து வெறுமையாக ஓடினாலும் சாரதியின் சம்பளமும் எரிபொருட் செலவும் குறைவதில்லை, கட்டண வருமானம் மட்டுமே குறைகிறது. வீல் ட்ரான்சில் நிலைமை நேர்மாறானது. பயணி செலுத்துவது மற்றவர்கள் செலுத்தும் அதே கட்டணத்தைத்தான்; பொதுப் பேருந்தைவிடக் கூடுதலாக அறவிட ஒன்ராறியோவின் அணுகல் ஒழுங்குவிதிகள் இடம் கொடுப்பதில்லை, கொடுக்கவும் கூடாது. ஆனால் அந்த ஒரு பயணத்தை நடத்துவதற்கு நகரத்துக்கு ஆகும் செலவு கட்டணத்தின் பத்து மடங்கைத் தாண்டும். பெருந்தொகையான பயணங்கள் ஒப்பந்த டாக்சிகளில் நடப்பதால், நடக்காமல் போகும் பயணம் உடனேயே பணமாக மிஞ்சுகிறது. ஆகவே, எதிர்பார்த்ததைவிடக் குறைவானவர்கள் பயணம் செய்த ஆண்டில் வீல் ட்ரான்ஸ் கணக்கு மிச்சத்தோடு முடிகிறது. அந்த மிச்சமும் நல்ல செய்தியாகவே வாசிக்கப்படுகிறது.

பெருந்தொற்றுக்கு முன்னர் இச்சேவையில் ஆண்டுக்கு நாற்பது இலட்சம் அளவில் பயணங்கள் நடந்தன. 2020இல் அது பெருமளவு விழுந்து, பின்னர் மெல்ல மெல்ல ஏறியது. அதனால் ஒவ்வோர் ஆண்டும் "இம்முறை எத்தனை பேர் திரும்பி வருவார்கள்" என்ற ஊகத்தின் மேல்தான் வரவுசெலவுத் திட்டம் நிற்கிறது. ஒருவர் எத்தனை பயணம் செய்யலாம் என்று உச்சவரம்பு விதிக்கச் சட்டம் அனுமதிக்காத சேவையில், இந்த ஊகமே வரம்பாக மாறிவிடும் அபாயம் உண்டு. கடந்த ஆண்டின் குறைந்த எண்ணிக்கையை வைத்து இந்த ஆண்டுக்கு வாகனங்களை ஒழுங்கு செய்தால் வசதியான நேரங்கள் குறையும். நேரம் கிடைக்காதவர்கள் கேட்பதை விட்டுவிடுவார்கள். அடுத்த ஆண்டின் எண்ணிக்கை இன்னும் குறையும்.

பயணங்கள் குறைவதற்கு நல்ல காரணங்களும் இருக்கலாம் என்பதை மறுக்கவில்லை. நிலையத்தில் மின்தூக்கி வந்ததால் ஒருவர் சுரங்க ரயிலுக்கு மாறியிருக்கலாம், அல்லது வைத்தியரைக் காணொளியில் பார்த்திருக்கலாம். ஆனால் தொலைபேசியில் காத்திருந்து களைத்தவரும், இரண்டு முறை வாகனம் பிந்தியதால் வெறுத்துப்போனவரும் அதே எண்ணிக்கைக்குள்தான் மறைந்துபோகிறார்கள். ஸ்காபரோவில் வாழும் எங்கள் மூத்தோரில் பலர் முறைப்பாடு செய்யும் பழக்கம் உள்ளவர்கள் அல்லர். பிள்ளைகளுக்குக் கரைச்சல் கொடுக்கக் கூடாது என்று கோயிலுக்குப் போவதையே நிறுத்திக்கொள்வார்கள். அது உங்கள் தாளில் தேவை குறைந்ததாகப் பதிவாகும்.

இரத்தச் சுத்திகரிப்புக்குச் செல்லும் ஒருவரை எடுத்துக்கொள்ளுங்கள். வாரத்தில் மூன்று நாள், ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ நான்கு மணி நேரம். முடிந்தவுடன் எழுந்து வந்துவிட முடியாது. ஊசி எடுத்த இடத்தில் இரத்தம் நிற்க வேண்டும், அழுத்தம் இறங்கியிருந்தால் தலைச்சுற்று அடங்கும்வரை இருத்திவைப்பார்கள். திரும்பும் வாகனமோ முன்கூட்டியே பதிவானது. வந்த சாரதி ஐந்து நிமிடம் காத்திருப்பார். பயணத்தை இரத்துச் செய்வதென்றால் நான்கு மணி நேரத்துக்கு முன்பே அறிவிக்க வேண்டும் என்பது விதி, ஆனால் அந்த நேரத்தில் இவரை அப்போதுதான் இயந்திரத்தோடு இணைத்துக்கொண்டிருப்பார்கள். கடைசி நேர இரத்துகளால் பொதுப்பணம் வீணாகிறது என்பது உண்மையே, விதி தேவையில்லை என்று நான் சொல்லவில்லை. இப்படித் தவறிப்போகும் பயணத்தையும், மறந்துபோய்த் தவறவிட்ட பயணத்தையும் ஒரே எண்ணிக்கையில் கூட்டுவதால் உங்களுக்கே எதுவும் விளங்கப்போவதில்லை என்றுதான் சொல்கிறேன்.

2017இல் வீல் ட்ரான்சுக்கான தகுதி விதிகள் மாறிய பின்னர், இயலக்கூடிய பயணிகளைப் பாதி வழிக்கு வீல் ட்ரான்சிலும் மீதிக்குப் பொதுப் பேருந்திலோ சுரங்க ரயிலிலோ அனுப்பும் முறை வலுப்பெற்றது. இந்த முறையை நான் ஆதரிக்கிறேன். எல்லோரோடும் சேர்ந்து பயணம் செய்வதில் ஒரு சுதந்திரம் இருக்கிறது. ஆனால் இதனால் வீல் ட்ரான்ஸ் கணக்கில் கிடைக்கும் சேமிப்பு மற்றவர்களின் வேலையை நம்பியிருக்கிறது. ஒன்ராறியோ முழுவதும் உடல் இயலாதோருக்கும் அணுகத்தக்கதாக இருக்க வேண்டும் என்று 2005ஆம் ஆண்டுச் சட்டம் விதித்த கெடுவான 2025 ஜனவரி 1 வந்தபோதும் வார்டன் சுரங்க ரயில் நிலையத்தில் மின்தூக்கி இல்லை. 2023 ஜூலை 24 அன்று தடம்புரண்ட ஸ்காபரோ ஆர்ரி ரயில் மீண்டும் ஓடவேயில்லை. அந்த வழியில் இருந்தவர்கள் பேருந்தை நம்பவேண்டியதாயிற்று. பனி வழிக்கும் வண்டி தெருவைத் துப்புரவாக்கிவிட்டுத் தரிப்பிடத்தின் விளிம்பில் முழங்கால் உயரத்துக்குப் பனியைக் குவித்துவிட்டுப் போனால், பேருந்தின் சாய்தளத்தை இறக்க இடமிருக்காது. பனி அகற்றும் செலவு நகரத்தின் வேறொரு கணக்கில் இருக்கிறது. அங்கே குறைக்கும் டொலர் இங்கே வீல் ட்ரான்ஸ் பயணமாகத் திரும்பி வரும், அல்லது வீட்டோடு முடங்கும் ஒருவராக மாறும். முதலாவது மட்டுமே கணக்கில் தெரியும்.

எனவே வரவுசெலவுத் திட்டத்தின் வீல் ட்ரான்ஸ் பக்கத்தில், நடந்த பயணங்களின் எண்ணிக்கைக்கு அருகிலேயே கேட்டும் கிடைக்காதவை, வேறு நேரம் தரப்பட்டதால் கைவிடப்பட்டவை, முப்பது நிமிடத்துக்கு மேல் பிந்தியவை, காத்திருந்து துண்டிக்கப்பட்ட அழைப்புகள் ஆகியவற்றையும் வெளியிடுங்கள். நேரந்தவறாமை, தொலைபேசிக் காத்திருப்பு போன்ற சில அளவீடுகள் தலைமை நிறைவேற்று அதிகாரியின் அறிக்கைகளில் வருவதை அறிவேன். அவை மிச்சத் தொகையோடு ஒரே பக்கத்தில் நிற்க வேண்டும் என்பதே என் கோரிக்கை. பயணங்கள் ஏன் குறைந்தன என்று விளக்கப்படும்வரை அந்த மிச்சத்தைப் பொதுக் கணக்கின் துண்டுவிழும் தொகையை அடைக்கப் பயன்படுத்தாமல், அடுத்த ஆண்டின் வீல் ட்ரான்ஸ் பயணங்களுக்கென ஒதுக்கி வையுங்கள். இவ்விவரங்களை அணுகத்தக்க போக்குவரத்துக்கான உங்கள் ஆலோசனைக் குழுவிடம் வாக்கெடுப்புக்கு முன்னரே கொடுத்து, அக்குழுவின் கருத்தையும் திட்டத்தோடு இணைத்து வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஸ்காபரோவில் வசிக்கும் ஒரு வரி செலுத்துநர்