கட்டுவது சுலபம், மறுப்பதற்குத்தான் வழியில்லை

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். போக்குவரத்து விதியை மீறியதாகச் செல்போனுக்கு வரும் அபராதச் சீட்டுதான் இ-சலான். அது வந்தால் நம் முன்னால் இரண்டு வழி. அபராதத்தைக் கட்டலாம், இல்லை, நான் செய்யவில்லை என்று வழக்காடலாம். தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் வண்டி ஓட்டிப் பிழைக்கிறவர்களுக்கு இந்த இரண்டாவது வழி பேருக்குத்தான் இருக்கிறது.

நான் பாலக்கோட்டில் குட்டியானை என்கிற சிறிய சரக்கு வண்டி ஒன்றை வைத்து ஓட்டுகிறேன். தக்காளி வரத்து இருக்கும்போது மார்க்கெட் லோடு, மற்ற நாட்களில் கிடைக்கிற லோடு. போன வருடம் செல்போனுக்கு ஒரு குறுஞ்செய்தி வந்தது. ஹெல்மெட் போடாமல் ஓட்டியதற்கு 1,000 ரூபாய் அபராதமாம். சரக்கு வண்டிக்கு ஹெல்மெட்! சலானைத் திறந்து படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். யாரோ ஒருவர் ஸ்கூட்டரில் போகிறார். நம்பர் பிளேட்டில் சேறு அப்பியிருக்கிறது. கடைசி எண் 3 ஆகவும் இருக்கலாம், 8 ஆகவும் இருக்கலாம். சலான் போட்டவர் 8 என்று முடிவு செய்துவிட்டார். அப்படிப் பார்த்தால் அது என் வண்டி நம்பர். சம்பவம் நடந்ததாகச் சொல்லும் இடம் வேறு மாவட்டம். அன்றைக்குக் காலையில் என் வண்டி மண்டியில் நின்றதற்கு இறக்குச் சீட்டே என்னிடம் இருக்கிறது.

சம்பந்தப்பட்ட காவல் நிலையத்துக்குப் போன் போட்டேன். எடுத்தவர் மரியாதையாகத்தான் பேசினார். "சிஸ்டத்துல ஏறிடுச்சுங்க அண்ணே, எங்களால இறக்க முடியாது. கோர்ட்டுல பாத்துக்கங்க" என்றார். சரி, கோர்ட்டு எப்படி என்று விசாரித்தேன். கட்டாத சலான், இணையத்திலேயே நடக்கும் மெய்நிகர் நீதிமன்றத்துக்குப் போகிறது. அங்கே பணம் கட்டினால் குற்றத்தை ஒப்புக்கொண்டதாகக் கணக்கு. எதிர்த்து வழக்காடுகிறேன் என்று பதிவு செய்தால், சம்பவம் நடந்ததாகச் சொல்லும் இடத்தின் எல்லைக்குட்பட்ட நீதிமன்றத்துக்கு வழக்கு மாறும். அதாவது, நான் அந்த ஊருக்கே போகவில்லை என்று சொல்வதற்கு அந்த ஊருக்குப் போக வேண்டும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 208ஆவது பிரிவு, நேரில் வராமல் வக்கீல் மூலமும் ஆஜராகலாம் என்கிறது. எந்த வக்கீல் ஆயிரம் ரூபாய்க்குள் இதை முடித்துத் தருவார்? சுண்டைக்காய் கால் பணம், சுமைக்கூலி முக்கால் பணம்.

எங்களோடு லோடு ஓட்டும் நண்பர் ஒருவர் வழக்காடித்தான் பார்த்தார். ஓட்டும்போது செல்போன் பேசியதாக அவர் மேல் கேஸ். காதோரம் துண்டால் வியர்வையைத் துடைத்தேன் என்பது அவர் கட்சி. இதற்கு முதல் தடவை 1,000 ரூபாய். மறுபடியும் சிக்கினால் 10,000. ஒப்புக்கொண்டு கட்டினால் அடுத்த தடவைக்கு அதுவே கணக்காகிவிடும் என்பதால் பிடிவாதமாக நின்றார். துணைக்கு நானும் ஒரு நாள் போயிருந்தேன். சில்லறை வழக்குகளுக்கு வந்தவர்கள் வராந்தாவில் வரிசையாக நின்றார்கள். டவாலி பேர் கூப்பிடுவார், உள்ளே போனவர் "ஒத்துக்கறேங்க" என்பார், தொகையைச் சொல்வார்கள், கட்டிவிட்டுப் போய்விடுவார். வரிசை மளமளவென்று நகர்ந்தது. நண்பர் மட்டும் "இல்லீங்கய்யா, நான் பேசலீங்க" என்றதும் எழுதிக்கொண்டிருந்த பெஞ்ச் கிளார்க்கே தலையைத் தூக்கிப் பார்த்தார். நடுவர் பொறுமையாகத்தான் கேட்டார். ஆனால் சலான் போட்ட எஸ்.ஐ. வந்து சாட்சி சொல்ல வேண்டும். அவர் அன்றைக்கு பந்தோபஸ்து டியூட்டி. வாய்தா. அடுத்த தடவையும் வாய்தா. கடைசியில் வழக்கு நிற்கவில்லை, நண்பர் ஜெயித்தார். அதற்குள் விட்ட லோடுகளின் கணக்கை அவர் மனைவி சொல்லக் கேட்டால் ஜெயித்தது மாதிரி இருக்காது.

ஹெல்மெட் அபராதம் 100 ரூபாயாக இருந்த காலத்தில் இதையெல்லாம் யாரும் யோசிக்கவில்லை. 2019இல் சட்டம் திருத்தப்பட்டு, தமிழ்நாட்டில் 2022 அக்டோபரில் புதிய தொகைகள் அமலான பிறகு அது ஒரேயடியாக 1,000 ஆனது. நூறு நாள் வேலைக்கு 2025-26இல் நிர்ணயித்த கூலியே 336 ரூபாய்தான். ஏரியூர்ப் பக்கம் கூலி வேலை செய்கிறவருக்கு ஒரு தப்புச் சலான் என்றால் ஏறக்குறைய மூன்று நாள் உழைப்பு போச்சு.

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அபராதமே கூடாது என்று நான் வாதாடவில்லை. தொப்பூர் கணவாயில் லோடு வண்டியோடு இறங்கியவன் எவனும் வேகத்துக்கு அபராதம் போடுவதைக் குறை சொல்ல மாட்டான். தப்பு செய்தவன் கட்டட்டும்.

விதிகளும் மோசமில்லை. மத்திய மோட்டார் வாகன விதிகளில் 2021இல் சேர்த்த 167ஏ என்ற விதி, கேமரா மூலம் பதிவான குற்றத்துக்கு 15 நாளுக்குள் நோட்டீஸ் அனுப்ப வேண்டும் என்கிறது. குற்றமும் நம்பர் பிளேட்டும் தெளிவாகத் தெரியும் படம், தேதி, நேரம், இடம், எந்தப் பிரிவு என்ற விவரம் எல்லாம் அதில் இருக்க வேண்டும். வேகக் கேமரா, கண்காணிப்புக் கேமரா, உடலில் மாட்டும் கேமரா என்று கருவிகளையும் பேர் சொல்லிப் பட்டியல் போட்டிருக்கிறார்கள். அதில் காவலரின் சொந்த செல்போன் இல்லை. அபராதம் மட்டுமே தண்டனையாக உள்ள குற்றத்தை, தாமதத்துக்குத் தக்க காரணம் இல்லாவிட்டால், 6 மாதத்துக்குப் பிறகு நீதிமன்றம் விசாரணைக்கு எடுக்கவும் முடியாது. இதெல்லாம் நமக்குச் சாதகம்தான், கோர்ட்டுப் படி ஏறினால்.

ஆனால் ஏற விடாமல் ஒன்று தடுக்கிறது: எஃப்.சி. என்கிற வண்டித் தகுதிச் சான்று. எட்டு வருடம் தாண்டிய சரக்கு வண்டியை இதற்காக வருடா வருடம் சோதனைக்குக் காட்ட வேண்டும். அந்த நேரத்தில் கம்ப்யூட்டரில் பாக்கி சலான் தெரிந்தால் வேலை நகராது. எஃப்.சி. இல்லாத வண்டியை ரோட்டில் எடுத்தால் அது தனி கேஸ். எனக்கும் அதேதான் நடந்தது. இ-சலான் தளத்திலேயே புகார் பதிந்துவிட்டுக் காத்திருந்தேன். பதில் வருவதற்குள் எஃப்.சி. தேதி வந்துவிட்டது. புரோக்கர், "கட்டிட்டு வேலையைப் பாருங்கண்ணே" என்றார். கட்டினேன். ஹெல்மெட் போடாமல் குட்டியானை ஓட்டியதற்கான ரசீது என் பைலில் பத்திரமாக இருக்கிறது.

ஓசூர் நண்பர்கள் கர்நாடகத்தைப் பார் என்பார்கள். எல்லையில் இருக்கும் அத்திப்பள்ளியைத் தாண்டி தினமும் வேலைக்குப் போகிறவர்களுக்கு அந்த ஊர் சலான்களும் சேரும். அங்கே 2023 பிப்ரவரியிலும், மறுபடி 2025 ஆகஸ்டிலும் பாக்கி அபராதத்தில் பாதி தள்ளுபடி கொடுத்தார்கள். கூட்டம் அலைமோதியது. எனக்கு அது சரியாகப் படவில்லை. ஒழுங்காக முழுசாகக் கட்டியவன் ஏமாளியாகிறான். தப்பே செய்யாதவனோ, செய்யாத குற்றத்துக்குப் பாதி விலை கொடுத்துவிட்டு வருகிறான். எனக்குத் தள்ளுபடி வேண்டாம், கேட்பதற்கு ஆள் வேண்டும்.

சரக்கு வண்டிக்கு ஹெல்மெட் அபராதம் மாதிரி பார்த்த உடனே தெரியும் தவறுகளை ரத்து செய்ய, ஒவ்வொரு மாவட்டத்திலும் ஒரு அதிகாரிக்குப் பொறுப்பு கொடுக்க வேண்டும். இதற்கு நீதிமன்றம் எதற்கு? அப்புறம், வழக்காடுகிறேன் என்று பதிந்தவர்களைச் சொந்த ஊர் நீதிமன்றத்தில் இருந்தே காணொலி வழியாகப் பேச விடலாம், எஸ்.ஐ.யும் தன் ஸ்டேஷனில் இருந்தே சாட்சி சொல்லலாம், பந்தோபஸ்தும் கெடாது. வழக்கு முடியும்வரை அந்த ஒரு சலானைக் காட்டி எஃப்.சி.யை நிறுத்தக் கூடாது. இதில் எனக்கு முக்கியமானது இந்தக் கடைசிக் கோரிக்கைதான். மற்றவை தாமதமானாலும் சமாளித்துக்கொள்வோம்.

இப்போதே மாட்டிக்கொண்டிருக்கும் வாசகர்களுக்கு ஒரு தகவல்: பெண்கள், பட்டியல் இனத்தவர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், வருமானம் குறைந்தவர்கள் சட்டப் பணிகள் ஆணைக்குழு மூலம் இலவசமாக வக்கீல் கேட்கலாம். 15100 என்ற எண்ணில் விசாரிக்கலாம்.

உங்கள் நிருபர்களிடமும் ஒரு வேண்டுகோள். இத்தனை வழக்கு, இத்தனை லட்சம் வசூல் என்று மாவட்டக் காவல் துறை கணக்குக் கொடுக்கும்போது, அதில் எத்தனை சலான் தவறென்று ரத்தானது என்பதையும் கேட்டு எழுதுங்கள்.

இப்படிக்கு,
ஒரு சரக்கு வண்டி உரிமையாளர்,
பாலக்கோடு, தர்மபுரி மாவட்டம்.